லெட்சுமியின் நூறு பக்கம்

ஹெதர்வில் தோட்டம்,
அட்டன்.
08.03.2000

அன்புள்ள யசோ மிஸ்,

நீங்கள் நோர்வேயில் இருந்து போட்ட கிறிஸ்மஸ் கார்டு பெப்ரவரிக் கடைசியில்தான் கைக்கு வந்தது. யாரோ கவரைப் பிரித்துப் பார்த்து, ஒட்டி, இன்னொருவர் திரும்பப் பிரித்துப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். வந்து சேர்ந்ததே பெரிது. கார்டில் இருந்த பனியைப் பார்த்துவிட்டு நம்ம பிள்ளைகளில் ஒருத்தி, "அங்கயும் விடியக்காலம் பேர் கூப்புடுற பெரட்டுக்கு நிக்கணுமாங்க சார்?" என்று கேட்டாள். மிஸ் படிக்கத்தான் போயிருக்கிறார், கொழுந்து எடுக்க இல்லை என்று சொன்னேன்.

நீங்களும் உங்கள் பேராதனைக் கூட்டாளிகளும் எழுதி, இந்தப் பழைய உர ஸ்டோரில் வந்து போட்டுத் தந்த கம்பியூட்டர் சிஸ்டம் இன்றுவரை ஒரு நாள் மக்கர் பண்ணவில்லை. பெரிய பெட்டி ஒன்று, அதில் மாட்டிய திரை ஏழு. ஏழில் நாலுதான் உயிரோடு இருக்கிறது, அது வேறு கதை. இப்போது பதினான்கு பெண்கள் பழகுகிறார்கள். மலையில் இருந்து இறங்கி, குளித்து, நாலரைக்கு முதல் ஆள் வந்து உட்காருவாள். ஆளுக்கு ஒரு மணி நேரம். பிழையில்லாமல் நூறு பக்கம் அடித்தால் சான்றிதழ். போன வருசம் மூன்று பேர் ஆபிஸ் வேலைக்குப் போனார்கள். உங்களுக்கு எத்தனை தடவை நன்றி சொன்னாலும் எனக்குக் காணாது மிஸ்.

இனி தலைவலிக்கு வருகிறேன். லெட்சுமியை உங்களுக்குத் தெரியும். தாய் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவள் இரண்டு மாதம் பின்னுக்கு நின்றாள். எப்படியோ போன மாதம் அவளுக்கு நூற்றிநாலு பக்கம் என்று பெட்டி காட்டியது. மார்ச் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, சரி பார்ப்பதற்காக அவள் பெயரில் இருந்த பைல் எல்லாவற்றையும் மொத்தமாகப் பிரின்ட் எடுத்து மேசையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து, மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையா ஏதோ நோட்டீஸ் அடிக்க வந்தார். சும்மா ஒரு தாளை எடுத்துப் படித்தவர் முகம் மாறிப்போனது.

அது சுகாதார அதிகாரிக்கு எழுதிய பெட்டிசன் மிஸ். டிஸ்பென்சரி ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, மருத்துவிச்சி இல்லை, ஜனவரியில் ஒரு பெண் கொழுந்து லொறியிலேயே பிள்ளை பெற்றாள், தோட்டத்தை நடத்துகிற துரையிடம் மூன்று தரம் சொல்லியும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறது. ஒரு சொல் பொய்யில்லை, அதுதான் கஷ்டம். கண்டாக்கையா தாளைக் கொண்டுபோய்க் கொடுக்க, துரை என்னைக் கூப்பிட்டு, டைப் பழகத்தான் ஸ்டோரைக் கொடுத்தேன், என்னைப் பற்றி எழுத இல்லை, எழுதியவளை அனுப்பு, இல்லாவிட்டால் ஸ்டோரைக் காலி பண்ணு என்றார்.

பைலின் சொந்தக்காரர் யார் என்று பெட்டியில் பார்த்தேன். லெட்சுமி. கூப்பிட்டுக் கேட்டேன். "எம் பேருலதானேங்க இருக்கு" என்றாள். நான் வேறு என்ன செய்வேன்? விசாரணை முடியும்வரை வராதே என்று சொல்லிவிட்டேன். நுவரெலியாவில் ஒரு விதைக் கிழங்குக் கம்பனி ஆபிசில் அவளுக்கு ஜூன் பன்னிரண்டாம் தேதி நேர்முகம். சான்றிதழ் இல்லாமல் போனால் வாசலோடு திருப்பிவிடுவார்கள்.

எழுதியது யார் என்று துரை இப்போது எழுத்தில் கேட்கிறார். அதனால் நீங்கள் எனக்காக ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்: "இந்த சிஸ்டத்தில் ஒரு பைல் யார் பெயரில் இருக்கிறதோ, அவர்தான் அதை எழுதியவர்." சிஸ்டத்தை எழுதியவர் சொன்னால் பேச்சு முடிந்தது. எனக்கும் மனது ஆறும்.

வீட்டுக்காரி றோசலின் வீட்டில் இல்லை. தங்கச்சியின் பிரசவத்துக்காக, கொழுந்துக்காரிகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளைக்காம்பரா வேலைக்கு லீவு போட்டு, டைப் வகுப்பையும் பாதியில் விட்டுவிட்டு ராகலைக்குப் போய்விட்டாள். என் சமையலை நானே சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
றோலண்ட்

*

துரொண்ட்ஹைம்.
24.03.2000

அன்பின் றோலண்ட் அண்ணாவுக்கு,

உங்கட கடிதத்தைக் கண்டதும் எனக்கு முதலில் சிரிப்பு, பிறகு சந்தோசம், கடைசியில் நெஞ்சுக்குள் ஒரு இடி. அந்த ஒரு வரியை நான் எழுத மாட்டேன். எழுதினால் அது பொய்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஜூலை மழையில், உர ஸ்டோரின் கூரை ஒழுகிக்கொண்டிருந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பிள்ளைக்கு மூன்று பக்கம் குறைகிறது, மற்றவள் தன்னுடையதில் மூன்றைக் கொடுக்கிறேன் என்கிறாள், பெட்டி விடுகுதில்லை என்று வந்து நின்றீர்கள். கொடுக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அப்போது நீங்கள் கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது: "வயித்துப் புள்ளக்காரிக்குக் கொழுந்து நிறை காணலைன்னா, பக்கத்து நிரைக்காரி ரெண்டு கிலோ அள்ளி அவ சாக்குல போடுவா மிஸ். அது களவாங்க?" கண் கலங்கிப் போய், அன்றைக்கே பூட்டை எடுத்துவிட்டேன்.

அந்தப் பூட்டு ஏன் இருந்தது என்று இப்போது சொல்கிறேன். இப்படியான சிஸ்டங்கள் எல்லாம் ஒன்றுபோல நடக்க வேணும் என்று உலகத்துக்குப் பொதுவாக ஒரு நியமம் இருக்கிறது, பெயர் பொசிக்ஸ். அந்த நியமத்தோடு ஒத்துப்போகிற சிஸ்டத்தில், கோப்பின் சொந்தக்காரரை மாற்றும் அதிகாரம் ரூட்டுக்கு மட்டும்தான் இருக்கும். ரூட் என்றால் நம்மட நிலையத்தில் நீங்கள். மற்ற யாரும் தன்னுடைய கோப்பை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. நான் அதை மீறி, ஆர் வேண்டுமானாலும் தன்னுடையதை ஆருக்கும் கொடுக்கலாம் என்று திறந்துவிட்டேன். வாங்குகிறவளைக் கேட்காமலே கொடுக்கலாம். அவளுக்குத் தெரியாமலே கொடுக்கலாம்.

ஆகவே அண்ணா, அந்தப் பெட்டி உங்களுக்குச் சொன்னது, கோப்பு இன்றைக்கு ஆருடைய பெயரில் கிடக்கிறது என்பதை மட்டும்தான். ஆர் அடித்தது என்று அதற்குத் தெரியாது. தெரியாமல் பண்ணியது நானும் நீங்களும்.

வெள்ளிக்கிழமைகளில் எல்லாவற்றையும் டிஸ்கில் பிரதி எடுத்து வைக்கச் சொன்னேனே, எடுக்கிறீர்களா? அந்தப் பிரதியில் அந்தந்த வாரத்துச் சொந்தக்காரரின் இலக்கம் பதிந்திருக்கும். அதைப் பார்க்காமல் லெட்சுமியை வெளியே நிறுத்தியது சரியில்லை. கோபிக்க வேண்டாம். என்னிலும் பிழை இருக்கிறபடியால்தான் இவ்வளவு காரமாக எழுதுகிறேன்.

அன்புடன்,
யசோதினி

*

ஹெதர்வில் தோட்டம்,
அட்டன்.
10.04.2000

மிஸ்ஸுக்கு,

கோபம்தான். இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை. மூன்று நாள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நீங்கள் பனியில் இருந்துகொண்டு நியமம் பேசலாம். இங்கே பதினான்கு பெண்கள், ஒரு துரை, ஒரு ஸ்டோர். லெட்சுமி இல்லை என்றால் மிச்சம் பதின்மூன்று பேரில் ஒருத்தி. அந்த ஒருத்தியை நான் தேடிப் பிடித்துத் துரைக்குக் காட்ட வேண்டுமா? ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தது போதாதா? இப்படியே விட்டால் ஸ்டோராவது மிஞ்சும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். தோட்டத்து ஆபிசில் இருபது வருசம் டைப் அடித்தவன் நான், துரை கூப்பிட்டால் இன்னும் கால் தானாக எழுந்து நிற்கிறது.

கொழுந்து விசயத்தை நீங்கள் திருப்பிச் சொன்னது சுட்டது. அது தப்பில்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் சாக்கில் கொழுந்தை அள்ளிப் போடும்போது வாங்குகிறவள் பக்கத்தில் நிற்பாள், பார்ப்பாள். என்ன விழுகிறது என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பெட்டியில் அது கிடையாது. அதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகு லெட்சுமியைப் பாதையில் கண்டேன். கூடையோடு வந்துகொண்டிருந்தாள். "நீ அடிக்கலைன்னா சொல்லேம்மா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "வேணாங்க சார், விடுங்க. இன்னொரு வருசம் படிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இன்னொரு வருசம் அந்தக் கம்பனி காத்திருக்குமா? அவளுக்கு இருபத்துமூன்று வயது. வீட்டில் சம்பந்தம் பேசுகிறார்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் கல்யாணம், அதோடு மலை. அவ்வளவுதான் அவள் கதை.

டிஸ்க் எடுக்கிறேன் மிஸ், வெள்ளிக்கிழமை தவறியதில்லை. சிலது பூஞ்சணம் பிடித்திருக்கிறது, இந்தப் பனிமூட்டத்தில் எதுதான் பிடிக்காமல் இருக்கும். ஆனால் அதில் இலக்கத்தைப் பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. தெரியாதது நல்லது என்றும் இருந்தேன்.

பெரிய வாரம் வருகிறது. இந்த நேரத்தில் இப்படி எழுதியதற்கு மன்னியுங்கள்.

றோலண்ட்

*

துரொண்ட்ஹைம்.
02.05.2000

அன்பின் றோலண்ட் அண்ணாவுக்கு,

நீங்கள் கோபித்து எழுதியது எனக்கு ஆறுதல். மரியாதைக்காக எழுதியிருந்தால்தான் பயந்திருப்பேன்.

இத்தோடு மூன்று டிஸ்க் வருகிறது. மூன்றிலும் ஒன்றுதான் இருக்கிறது, ஒன்றாவது பிழைக்கட்டும் என்று அனுப்புகிறேன். இது திருத்திய சிஸ்டம். ஏற்றுவதற்கு முதல் பழைய டிஸ்குகளைப் பார்த்துவிடுங்கள். எப்படி என்று தனித் தாளில் படிப்படியாக எழுதியிருக்கிறேன். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று எண்ணில் ஒரு இலக்கம் வரும், அவ்வளவுதான்.

என்ன திருத்தினேன் என்று உங்களுக்குச் சொல்ல வேணும், நீங்கள்தானே அதை நடத்துகிறவர். இனிச் சொந்தக்காரரை மாற்றுவது உங்களால் மட்டும்தான் முடியும். ஒருவர் தன் கோப்பைத் தான் சேர்ந்திருக்கிற குழுவுக்கு மாற்றலாம், அதற்குத் தடையில்லை. மாற்றம் நடந்தால் நடந்த நேரம் பதிவாகும். பழையதில் நேரம் பதியவில்லை, அதை நான் சோம்பலில் விட்டிருந்தேன். அது மட்டும் இருந்திருந்தால் எழுதிய நாள் ஒன்று, கை மாறிய நாள் இன்னொன்று என்று முதல் நாளே கண்டிருப்பீர்கள்.

மூன்றாவதுதான் என்னை வேர்க்க வைத்தது. சில நிரல்களுக்கு, "ஓட்டுகிறவர் ஆராக இருந்தாலும் சொந்தக்காரரின் அதிகாரத்தோடு ஓடு" என்று ஒரு குறி போடலாம். சொந்தக்காரர் மாறினால் அந்தக் குறி விழுந்துபோக வேணும் என்பது நியமம். என்னுடையதில் விழவில்லை. ஒரு பிள்ளை குறி போட்ட நிரலை உங்கட பெயருக்குத் தள்ளிவிட்டு ஓட்டியிருந்தால், நிலையத்துச் சாவி முழுக்க அவள் கையில். இரண்டு வருசம் ஒருத்தியும் அதைச் செய்யாதது அவர்களுடைய நல்ல மனம். என்னுடைய கெட்டித்தனம் இல்லை.

இன்னொரு விசயமும் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தச் சிஸ்டம்தான் என்னுடைய ஆய்வு. நியமத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனையில் நாலு மாதமாக ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. சொந்தக்காரரை மாற்றும் இடம். பேராசிரியரிடம் "எங்கட ஊரில் இப்படித்தான் வேணும்" என்று வீம்புக்குக் கதைத்துக்கொண்டு திரிந்தேன். உங்கட கடிதம் வராமல் இருந்தால் இன்னும் கதைத்துக்கொண்டிருப்பேன். அதுக்காக உங்களுக்கு என் நன்றி, உண்மையாகவே சொல்கிறேன்.

அந்த இலக்கத்தைப் பாருங்கோ அண்ணா. துரைக்குச் சொல்வதும் விடுவதும் உங்கட மனம். லெட்சுமிக்குத் தெரிய வேணும், உங்களுக்குத் தெரிய வேணும். பயமாக இருந்தால் பயத்தோடேயே பாருங்கோ. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட அன்றைக்கு நானும் அப்படித்தான் நடந்தேன்.

அன்புடன்,
யசோதினி

*

ஹெதர்வில் தோட்டம்,
அட்டன்.
22.05.2000

அன்புள்ள யசோ மிஸ்,

மூன்று டிஸ்கில் ஒன்று வளைந்து போயிருந்தது, இரண்டு பிழைத்தது. உங்கள் தாளை வைத்துக்கொண்டு வியாழக்கிழமை, வெசாக் லீவில், ஸ்டோரைப் பூட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். மார்ச் மாத டிஸ்கில் 112. அது லெட்சுமி. பெப்ரவரி பதினெட்டு, 112. பெப்ரவரி பதினொன்றாம் தேதி டிஸ்க் பூஞ்சணத்தோடு இழுத்து இழுத்துப் படித்தது. பைல் இருந்தது. பக்கத்தில் 107.

பெயர்ப் பட்டியலைப் பார்க்க எனக்கு அவசியமே இல்லை. 107ஐ நானே என் கையால் போட்டேன். 107 என் றோசலின்.

முதலில் வந்தது ஆத்திரம். வீட்டுக்காரி எனக்கே ஒளித்து எழுதி, பழியை ஒரு ஏழைப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு ராகலைக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன். ஈஸ்டருக்கு அங்கே போயிருந்தபோது இந்தப் பிரச்சினையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் எதற்கு என்று விட்டேன். அப்போதும் அவள் ஒன்றும் தெரியாதவள்போல இருந்தாள் என்று இன்னும் ஆத்திரம் ஏறியது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ராகலைக்குப் போனேன். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்தாள். பெட்டிசனைப் பற்றிக் கேட்டேன்.

"ஆமாங்க, நாந்தான் அடிச்சேன்" என்றாள், ஏதோ சோறு வடித்தேன் என்கிற மாதிரி. "அந்தப் புள்ள லொறியில பெத்தப்போ சீலையப் புடிச்சி மறச்சிக்கிட்டு நின்னவ நான். ஒங்ககிட்ட சொன்னா தொரை, ஸ்டோரு, அது இதுன்னு பயந்து தடுத்துருவீங்க. திரும்பி வந்து பிரின்ட் எடுத்து நானே தபால்ல போடலாம்னு இருந்தேன்."

"அப்ப எதுக்குடி லெட்சுமி பேருக்கு மாத்துன?"

"லெட்சுமி பேருக்கா?" என்றவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். "ஐயோ மாதாவே! அம்மாவப் பாக்க ஆஸ்பத்திரிக்கு நடந்தே அந்தப் புள்ளைக்குப் பக்கம் கொறஞ்சிருச்சுங்க. நான்தான் வகுப்ப விடுறேனே, எனக்கு எதுக்கு முப்பத்தாறு பக்கம்? மொத்தத்தையும் ஒரே அடியா அவ பேருக்குப் போட்டுட்டு வந்தேன். அதுக்குள்ள இதுவும் போயிருச்சா?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவளுடைய கையில் எண்ணெய், பிள்ளை அழுகிறது, அவளும் அழுகிறாள். "நீங்க அந்தப் புள்ளைய வெளிய போட்டீங்களா? ரெண்டரை மாசமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?" என்று கேட்டவள், அன்றைக்கே மூட்டையைக் கட்டினாள். ராகலையில் இருந்து நுவரெலியா, அங்கிருந்து அட்டன் என்று பஸ் மாறி வந்து சேர்ந்தோம்.

நேராக லெட்சுமியின் லயத்து வீட்டுக்குப் போனோம். விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். றோசலினைக் கண்டதும் கோடரியைப் போட்டுவிட்டாள். அவளுக்கு முதலில் இருந்தே தெரியும் மிஸ். பிரின்டில் முன்னும் பின்னும் இருந்த பக்கங்களைப் பார்த்ததுமே, இது அக்கா தந்த பக்கங்களில் உள்ளது என்று விளங்கிவிட்டதாம். ஏன் பிள்ளை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அக்கா எனக்குக் குடுத்தாங்க சார். ஒருத்தரும் குடுக்காத நேரத்துல, கேக்காமலே குடுத்தாங்க. குடுத்ததுல நல்லத மட்டும் எடுத்துக்கிட்டு, இது மட்டும் ஒங்களோடதுன்னு திருப்பிக் காட்ட முடியுங்களா? அவங்களுக்குப் புள்ளைக்காம்பரா வேலை போயிருமே. ஒங்க வீட்டுலயும் சண்ட வருமே."

நான் ஐம்பத்திரண்டு வயது ஆள். அந்த விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, அந்தப் பிள்ளையிடம் கையெடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவள் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஒரு வரியை நீங்கள் எழுதித் தந்திருந்தால் நான் என்ன பாவம் செய்திருப்பேன் என்று நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது. உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. நாளைக்குத் துரையைப் பார்க்கப் போகிறோம், நானும் றோசலினும். ஜெபம் பண்ணுங்கள், நீங்கள் சைவம் என்றாலும் பரவாயில்லை.

றோலண்ட்

*

துரொண்ட்ஹைம்.
03.06.2000

அன்பின் றோலண்ட் அண்ணாவுக்கு,

உங்கட கடிதத்தை ட்ராமில் வாசித்து, இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டேன். பக்கத்தில் இருந்த நோர்வேக்காரி கைக்குட்டை தந்தாள்.

றோசலின் அக்காவிலும் பிழையில்லை, லெட்சுமியிலும் பிழையில்லை. ஒருவர் கொடுத்தார், மற்றவர் கொடுத்தவரைக் காத்தார். இரண்டு பேருடைய நல்ல மனத்தையும் ஒரு குற்றம்போலக் காட்டியது என்னுடைய நிரல். இதை ஆய்வில் எழுதலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். பெயர் போடாமல் எழுதச் சொன்னார். பதின்மூன்றாம் பக்கத்தில் "ஒரு பயிற்சி நிலையத்தில்" என்று தொடங்குகிற பந்தி உங்கட கதைதான்.

சோதனை முழுவதும் தேறிவிட்டது. நேற்று. முதல் சந்தோசத்தை உங்களுக்குத்தான் எழுதுகிறேன், அம்மாவுக்குப் பிறகு.

ஒன்று மட்டும் நெஞ்சுக்குள் உறுத்துகிறது. திருத்திய சிஸ்டத்தைப் போட்டு, ஒவ்வொருவரின் பக்கத்தையும் அவரவருக்கே திருப்பிக் கொடுத்தால் லெட்சுமிக்குப் பக்கம் குறையுமே. நேர்முகம் பன்னிரண்டாம் தேதி. இந்தக் கடிதம் கிடைக்கும்போது அது முடிந்திருக்கும். இவ்வளவு தூரத்தில் இருந்து நான் பூட்டைப் பூட்டிவிட்டு, அவளைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டேனோ?

துரை என்ன சொன்னார்? எழுதுங்கோ, கெதியாக எழுதுங்கோ.

யசோதினி

*

ஹெதர்வில் தோட்டம்,
அட்டன்.
25.06.2000

அன்புள்ள யசோ மிஸ்,

சோதனை தேறிய செய்தியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். கைதட்டிய சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. பதின்மூன்றாம் பக்கத்தைத் தமிழில் எழுதி அனுப்பச் சொல்கிறார்கள்.

முதலில் துரை. நான் இழுத்து இழுத்துப் பேசத் தொடங்கினேன். றோசலின் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போய், "நான் எழுதுனதுங்க தொரை. தபால்லயும் போட்டுட்டேங்க, இவரும் கையெழுத்து வச்சிருக்காரு" என்றாள். போட்டது உண்மை, காலையில்தான் போட்டோம். துரை எங்களைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், போகச் சொன்னார். இரண்டு நாளில் அவளைப் புள்ளைக்காம்பராவில் இருந்து எடுத்து மலைக்குப் போட்டார். இப்போது இடுப்பில் கட்டிய படங்கும் முதுகில் கூடையுமாகப் போகிறாள். "நல்லதுதாங்க, வகுறு கொஞ்சம் வத்தும்" என்கிறாள். டிசம்பரோடு ஸ்டோரைத் திருப்பிக் கேட்கிறார். பங்குச் சாமியார் ஒரு அறை தருவதாகச் சொல்லியிருக்கிறார். சுகாதார ஆபிசில் இருந்து ஒருவர் வந்து டிஸ்பென்சரிப் பூட்டைப் பார்த்துவிட்டுப் போனார். போன இரண்டு செவ்வாய்க்கிழமையும் ஒரு மருத்துவிச்சி வந்தார். இனியும் வருவார் என்று நம்புகிறோம்.

இனி லெட்சுமி. நீங்கள் பயந்தது சரி. சிஸ்டத்தை மாற்றி, டிஸ்குகளைப் பார்த்து, ஒவ்வொரு பக்கத்தையும் அடித்தவள் பெயருக்கே ரூட்டாக இருந்து நானே திருப்பினேன். பலருக்கு ஏறியது, பலருக்கு இறங்கியது, கொஞ்சம் கூச்சலும் கிளம்பியது. லெட்சுமிக்கு அறுபத்தெட்டு. முப்பத்திரண்டு குறைவு. மே இருபத்தொன்பதில் இருந்து நேர்முகத்துக்கு முந்திய வெள்ளி, சனி வரை எண்ணிப் பார்த்தாலும் பன்னிரண்டு நாள்கூட முழுசாக இல்லை. நாளுக்கு ஒரு மணி நேரத்தில் பிழையில்லாமல் ஒரு பக்கமே பெரிய காரியம். நூறு என்று காட்டிக் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிசம் நினைத்தேன். ரூட் நான்தானே, யார் கேட்பார்கள்? அவளிடமே சொன்னேன். "வேணாங்க சார், இத்தன பாடு பட்டுட்டு பொய்ச் சான்றிதழா?" என்று மறுத்துவிட்டாள்.

அந்த இருபத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை மாலை நாலரைக்கு வகுப்புக்கு வந்தவர்கள் ஒருத்தியும் உட்காரவில்லை. செல்லசாமியின் மகள்தான் வாய் திறந்தாள், இங்கே பெரிய வாய் அவளுக்குத்தான். "பக்கத்தத்தானே மாத்திக் குடுக்க ஏலாது? எங்க நேரத்தக் குடுக்கலாம்ல? அதையும் அந்தப் பெட்டி புடிச்சி வச்சிருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அவர்களாகவே ஒரு தாளில் பெயரை எழுதி ஒட்டினார்கள். ஒவ்வொருத்தியும் இரண்டு நாள், சிலர் மூன்று நாள், தன் ஒரு மணி நேரத்தை லெட்சுமிக்கு விட்டார்கள். விட்டுவிட்டு வீட்டுக்கும் போகவில்லை. ஒருத்தி பக்கத்தில் இருந்து வாசிப்பாள், ஒருத்தி பிழை பார்ப்பாள், ஒருத்தி லெட்சுமி வீட்டுத் தண்ணீரைப் பிடித்துக் கொடுக்கப் போவாள். கொழுந்து எடுத்து வெடித்த விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு அவள் அடித்தாள். மலையில் இருந்து வந்து அப்படியே றோசலினும் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தாள். ஒரு நாள் கரண்ட் போனது. அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து அழாத குறை.

பத்தாம் தேதி சனிக்கிழமை, மத்தியானம் கடந்து, நூறாவது பக்கம் முடிந்தது. எழுந்து நிற்கும்போது அவளுக்குத் தலை சுற்றியது. தேநீர் கொடுத்து உட்கார வைத்தோம்.

வேலை கிடைத்துவிட்டது மிஸ். நேர்முகத்தில் ஒரு பக்கம் அடிக்கச் சொன்னார்களாம். அடித்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே ஜூலை மூன்றாம் தேதி வா என்று சொல்லியிருக்கிறார்கள். தாயார் நேற்று வந்து என் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்தார். அந்தப் பழம் எனக்குச் சேர வேண்டியதில்லை. அதைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். உங்கள் பங்கை றோசலின் சாப்பிட்டுவிட்டாள், அதற்கும் சேர்த்து உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

சான்றிதழில் கையெழுத்துப் போட்ட நேரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். இதுவரை இருபத்தொரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எல்லாம் பெட்டி காட்டிய எண்ணைப் பார்த்துப் போட்டது. லெட்சுமியுடையதை மேசையில் வைத்துப் பேனாவை எடுத்தபோது பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் அடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன்.

என்றும் நன்றியுடன்,
றோலண்ட்